எட்டூர்க் கூட்டை உதறிய தும்பக்குடி

தும்பக்குடிக்காரர்கள் யோசிக்காமல் எதையும் செய்தவர்கள் இல்லை. ஊரே கூடி உட்கார்ந்து, நாள் கணக்காக யோசித்து, அப்புறம்தான் கிணற்றில் விழுவார்கள். அந்த ஊரில் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவன் சடையாண்டி. ஊரில் விளையும் தக்காளியை மேலச்சந்தைக்கு ஏற்றிப் போவான். திரும்பும்போது உப்பு ஏற்றி வருவான்.

தும்பக்குடி, மேலச்சந்தை உட்பட அந்த வட்டாரத்தில் எட்டு ஊர்கள் சேர்ந்து ஒரு கூட்டு வைத்திருந்தன. கூட்டில் இருக்கிற ஊர் வண்டிக்குச் சுங்கம் கிடையாது. வெளியூர் வண்டி வந்தால் பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். சடையாண்டி வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவான். மாடுகளே சந்தைக்குப் போய் நின்று, கத்தி அவனை எழுப்பும்.

ஒருநாள் கூட்டிலிருந்து ஓலை வந்தது. எட்டு ஊரும் ஒரே அளவுக் கூடை வைத்துக்கொள்ள வேண்டுமாம். நாட்டாமை உக்கிரபாண்டிக்கு மீசை துடித்தது.

"நம்ம கூடை எத்தனை அகலம்னு எவனோ சொல்றதா? கூட்டை விட்டு வெளியேறுவோம்!"

"வெளியேறினா உப்பு வருங்களா?" என்று சடையாண்டி கேட்டான்.

"வழக்கம்போல வரும்."

"சுங்கம்?"

"அவங்க கட்டுவாங்க."

"யாருக்குங்க?"

"அதையெல்லாம் வெளியேறின பிறகு பாத்துக்கலாம்டா!"

ஊர் கைதட்டியது. சடையாண்டியும் தட்டினான். தான் மட்டும் சும்மா இருந்தால் கையில் ஏதோ நோவு என்று நினைத்துவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம்.

மறுநாள் விடிந்ததும் ஊரே வெளியேறியது. மூட்டை முடிச்சு, ஆடு கோழி, அடுப்பில் பாதி வெந்த சோறு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே பொட்டலில் போய் நின்றார்கள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

"வெளியேறிட்டமா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகணுமா?" என்றார் நாட்டாமை.

கணக்கப்பிள்ளை தாண்டவம் ஓலையை மறுபடி விரித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். அதனால் அவரை அறிவாளி என்று வைத்திருந்தார்கள். "நாம வெளியேற வேண்டியது கூட்டை விட்டு. ஊரை விட்டு இல்லை" என்றார். அவர் தலையிலும் ஒரு மூட்டை இருந்தது.

திரும்பி வந்து, விலகல் ஓலை எழுதி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் சந்தை வாசலில் சுங்கக்காரர் சடையாண்டியின் வண்டியை மறித்தார்.

"நாங்க கூட்டை விட்டு வெளியேறிட்டோங்க" என்றான் சடையாண்டி, பெருமையாக.

"அதனாலதான் மறிச்சேன். இனி பத்துக்கு ஒண்ணு. அதோட, வண்டியில இருக்கிற ஒவ்வொண்ணையும் ஓலையில எழுதிக் கொண்டா."

சடையாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து சொன்னான். தாண்டவம் எழுத்தாணியை எடுத்தார். ஒவ்வொன்றையும் என்றால் ஒவ்வொன்றையும்தானே? 'தக்காளி. சிவப்பு. உருண்டை' என்று ஒரு வரி. 'தக்காளி. சிவப்பு. ஒருபக்கம் சப்பை' என்று அடுத்த வரி. நாலு நாள் எழுதினார். கடைசி ஓலைகளில் 'தக்காளி. நேற்றுவரை இருந்தது' என்று எழுத வேண்டியதாயிற்று.

ஐந்தாம் நாள் சுங்கக்காரர் அந்த ஓலைக்கட்டைச் சுமக்கமாட்டாமல் வாங்கிக் கீழே வைத்தார். "சரி, சரக்கு எங்கே?"

"சொட்டிக்கிட்டிருக்குங்க" என்றான் சடையாண்டி. வண்டிக்கு அடியில் ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்தது.

உப்பில்லாமல் வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி மூக்காயி உப்பில்லாத கஞ்சியை முன்னால் வைத்தாள். "கூடையோட அகலத்துக்காக நாக்கைச் சாகவிட்ட ஊரு உலகத்திலேயே இது ஒண்ணுதான்" என்றாள்.

எழுதச் சிரமமில்லாமல் இருக்கட்டும் என்று அடுத்த முறை பத்தே பத்துப் பூசணிக்காய் ஏற்றிப் போனான். சுங்கம் போக மிஞ்சிய ஒன்பதை விற்று ஒரு மூட்டை உப்பு வாங்கி வந்தான். ஊர் முகப்பில் புதிதாக ஒரு மூங்கில் குறுக்கே கிடந்தது. அதற்குப் பின்னால் நாட்டாமை நின்றார்.

"அவன் சுங்கம் போட்டா நாமும் போடுவோம். பதிலடி! எடு, பத்துக்கு ஒண்ணு."

"ஐயா, நான் நம்ம ஊருக்காரன்."

"அதனாலதான்டா உரிமையோட கேக்கிறோம். வேற எவன் வர்றான்?"

ஒரே மூட்டையில் பத்துக்கு ஒன்று எடுப்பது எப்படி என்று மாலைவரை விவாதித்தார்கள். மீதி ஒன்பது மூட்டை வந்து சேரும்வரை இந்த மூட்டை சாவடியிலேயே இருக்கட்டும் என்று தாண்டவம் தீர்ப்புச் சொன்னார். அன்று பெய்த மழையில் அது கரைந்து ஓடியது.

"இந்நேரம் அவங்களுக்கு எப்படி வலிக்கும் தெரியுமா!" என்றார் நாட்டாமை. சடையாண்டிக்கு இடுப்புத்தான் வலித்தது.

பிறகு நாட்டாமை புது ஒப்பந்தம் பேச மலைக்கு அப்பால் உள்ள பனிச்சேரிக்குப் போனார். ஒரு மாதம் கழித்து மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினார். "சுங்கமே இல்லாத ஒப்பந்தம்!" என்று கூவினார்.

"நம்ம தக்காளியை வாங்கிக்கிறாங்களா?" என்றான் சடையாண்டி.

"அவங்ககிட்டயே ஏராளமா விளையுதுடா. நாமதான் அவங்க தக்காளியை வாங்கிக்கிறோம். ஒரு காசு சுங்கமில்லாம!"

"உப்பு?"

"அவங்களும் உப்புக்கு அலையறாங்க, பாவம். நாம தர்றோம்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

ஊர் மறுபடி கைதட்டியது. இந்த முறை சடையாண்டி தட்டவில்லை. அவன் மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. நேரே தாண்டவத்திடம் போய், "எதுக்குத்தான் சாமி சுங்கம்?" என்று அழாக்குறையாகக் கேட்டான்.

"எல்லைக்கல்லைத் தாண்டுற வண்டிக்குச் சுங்கம்" என்றார் தாண்டவம். சொல்லி முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "தாண்டினாத்தானே? கல்லை வண்டியிலேயே வச்சுக்கிட்டா வண்டி எப்படிடா அதைத் தாண்டும்?"

ஊர் எல்லையில் நின்ற கல்லைப் பதினாறு பேர் சேர்ந்து பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். தக்காளிக்கு இடமில்லை. "முதல்ல எல்லை போகட்டும், சரக்கு பின்னால வரும்" என்று நாட்டாமை ஏறிக்கொண்டார். தாண்டவமும் ஏறினார். சடையாண்டி கல்லில் சாய்ந்து உட்கார்ந்து மாட்டை ஓட்டினான். எவ்வளவு தூரம் போயும் எல்லையைத் தாண்டவில்லை என்பதில் மூவருக்கும் பரம திருப்தி.

சந்தை வாசலில் சுங்கக்காரர் கேட்டார். "என்ன சரக்கு?"

"எல்லைக்கல்லுங்க."

"வெளியூர்க் கல்லா? பத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு."

சுங்கக்காரர் கல்லைப் பார்த்தார். மூவர் முகத்தையும் பார்த்தார். அவர் வீட்டில் துணி துவைக்க ஒரு கல் வேண்டியிருந்தது. "இறக்கு" என்றார்.

"ஒரு தக்காளிக்குக்கூட நாம சுங்கம் கட்டலை!" என்று நாட்டாமை மீசையை முறுக்கிக்கொள்ள, வெறும் வண்டி ஊர் திரும்பியது.

மறுநாள் மதியம் வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தது. "நம்ம ஊர் மாதிரி இருக்கே. நிறுத்தட்டுங்களா?" என்றான் சடையாண்டி.

நாட்டாமை இருபுறமும் உன்னிப்பாகப் பார்த்தார். "எல்லைக்கல் எங்கயாவது தென்பட்டுதா?"

"இல்லைங்க."

"எல்லையே வரலை. அதுக்குள்ள ஊர் எப்படிடா வரும்? ஓட்டு."

ஒரு வீட்டு வாசலில் மூக்காயி முறத்தோடு நின்றாள். "எங்கய்யா போற?" என்று கத்தினாள்.

"ஊருக்குத்தான்டி!" என்று திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தான் சடையாண்டி. "எல்லை வந்ததும் வந்துடறேன், நீ முன்னால போய்க் கஞ்சியை வை!"

மாடுகள் நின்றன. அவன் அவற்றை அதட்டி ஓட்டினான்.