பார்க்காத ஏரிக்கு வழி சொன்ன மைனா

மலையடிவாரக் காட்டில் பொன்மூக்கன் என்றொரு மைனா இருந்தது. தனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை என்பது அதன் நினைப்பு.

சாயங்காலமானால் விலங்குகள் எல்லாம் ஒரு மொட்டைப் பாறையில் கூடும். யாராவது ஒரு பேச்சை எடுத்தால், மற்றவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்லியாக வேண்டும். "தெரியாது" என்று சொன்னால் போச்சு, எல்லோரும் சேர்ந்து கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்!

"பலாப்பழத்தில சுளையை விட கொட்டைதான் ருசி!" என்றது முள்ளம்பன்றி.

"மலைப்பாதையில நின்ன காருக்குள்ள ஒரு பையன் செல்போன்ல ரேஸ் விளையாடினான். வெறும் சத்தம்! அதுல சாமர்த்தியமே தேவையில்லை!" என்றது பொன்மூக்கன். ஜன்னல் வழியாக ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்த அனுபவம் அதற்கு!

அப்போது மருதாயி என்ற கடமான் தன் கன்றோடு அங்கே வந்தது.

"கீழே ஓடை வத்திப்போச்சு. விடிஞ்சதும் உச்சி ஏரிக்குப் போறோம். செந்நாய்ங்க துரத்தினா தண்ணிக்குள்ள இறங்கி நின்னு உதைச்சுத்தான் நாங்க தப்பிக்கணும். பிள்ளைக்கோ கால் குட்டை. எந்தக் கரையில இறங்கலாம்? யாராவது சொல்லுங்களேன்!"

பாறையில் இருந்த ஒருவரும் அந்த ஏரியைக் கண்டதில்லை. பொன்மூக்கனும்தான். ஆனால் அதன் வாய் சும்மா இருக்குமா?

"கிழக்குக் கரைதான் மானக்கா! மலை ஏரின்னா அடியில மணல்தான். கவலையை விடுங்க!"

"ஆமாமா, மணலேதான்!" என்றது முயல். முள்ளம்பன்றியும் பலமாகத் தலையாட்டியது. இத்தனை பேர் சொன்னால் பாவம், மருதாயி நம்பாமல் என்ன செய்யும்?

மறுநாள் காலையில் தாயும் கன்றும் மலையேறின. வேடிக்கை பார்க்கலாம் என்று பொன்மூக்கனும் பின்னாலேயே பறந்தது. ஏரி கண்ணில் பட்டதுதான் தாமதம், புதருக்குள்ளிருந்து சீழ்க்கைச் சத்தம் கேட்டது. செந்நாய்கள்!

"ஓடு கண்ணு! கிழக்குக் கரைக்கு ஓடு!" என்று மருதாயி கத்தியது.

இரண்டும் பாய்ந்து தண்ணீரில் இறங்கின. மணலா இருந்தது அங்கே? வயிறு வரை சேறு! தாயால் காலை அசைக்க முடியவில்லை. கன்று கழுத்து வரை அமிழ்ந்துவிட்டது.

"அம்மா! கால் உள்ளே போகுது!"

செந்நாய்கள் கரையில் வந்து நின்றன. அவற்றுக்கு அவசரமே இல்லை.

மேலே பறந்துகொண்டிருந்த பொன்மூக்கன் சட்டென்று தாழப் பறந்து வந்தது. நாம் சொன்ன சொல்லால் அல்லவா இந்தக் குழந்தை சாகப்போகிறது! முதல் தடவையாக அது அந்த ஏரியை உற்றுப் பார்த்தது. கன்றுக்கு இடது பக்கம், கரையை ஒட்டி, தண்ணீருக்கடியில் ஒரு தட்டைப் பாறை தெரிந்தது.

"மானக்கா! இடது பக்கம் பாறை இருக்கு! பிள்ளையை அங்கே தள்ளுங்க!"

"நேத்தும் இப்படித்தான் சொன்னே!" என்று மருதாயி அலறியது. "இதையாவது பார்த்துச் சொல்றியா?"

பொன்மூக்கன் சிறகை மடக்கியது. சரேலென்று இறங்கி அந்தப் பாறை மேலேயே நின்றது. தண்ணீர் அதன் கணுக்காலைத் தாண்டவில்லை. அதைப் பார்த்த மருதாயி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கன்றை முட்டித் தள்ளியது. அதே நேரம் ஒரு செந்நாய் மைனா மேல் பாய்ந்தது! மைனாவின் வால் அந்த நாயின் வாயோடு போனது. உயிர் மட்டும் தப்பியது.

கன்று பாறையில் ஏறிவிட்டது. தாயும் முன்னங்கால்களைப் பாறையில் ஊன்றி, சேற்றிலிருந்து உடம்பை இழுத்துக்கொண்டு மேலே வந்தது. வந்த வேகத்தில் விட்ட உதையில் செந்நாய் ஒன்று கரையில் போய் விழுந்தது. மற்றவை தயங்கின. வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்து போய்விட்டது.

கன்றின் பின்னங்கால் பிசகியிருந்தது. அதை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்த தாயின் பக்கத்தில் பொன்மூக்கன் தயங்கித் தயங்கி வந்தது.

"மானக்கா, நான்தானே கடைசியில காப்பாத்தினேன்?"

மருதாயி நிமிர்ந்து பார்த்தது.

"நேத்தே தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நான் இறங்குறதுக்கு முன்னாடி ஒரு கால் வெச்சுப் பார்த்திருப்பேனே!"

"எனக்கு இந்த ஏரியே தெரியாது மானக்கா!" என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டது பொன்மூக்கன்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நீங்கள் பொழுதுபோக்காகச் சொன்னதை நம்பி ஒருவர் தன் பிள்ளையோடு இறங்கிவிடக்கூடும்.