ஆள்காட்டி மரத்தை விட்டு இறங்கின கதை

அந்தக் காலத்தில், பறவை சொல்வது மனுஷனுக்கும் மனுஷன் சொல்வது பறவைக்கும் விளங்கிக்கொண்டிருந்தபோது, ஆள்காட்டிக்கு அந்தப் பெயர் கிடையாது. வாயே திறக்காத சாதுப் பறவை அது. மற்றதெல்லாம் போல மரத்தில்தான் கூடு கட்டும்.

ஒரு மலைக்குகை வாசலில் ஒலிவ மரம் நின்றது. அதில் நாலு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது ஓர் ஆள்காட்டி. குகைக்குள் இரண்டு பேர் ஒளிந்திருந்தார்கள். வேதம் சொல்லிக்கொடுப்பவன் தலை தப்பாது என்று ராஜா தண்டோரா போட்டிருந்தான். ஒருவர் யூதர்களின் ஆசான் அசரியா, தாடி நரைத்தவர். மற்றவன் கிறிஸ்தவப் போதகன் தீமோன், இளவட்டம். ஊரில் இருந்தவரை ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. பயம்தான் இருவரையும் ஒரே குகைக்குள் தள்ளியிருந்தது.

அங்கேயும் வாக்குவாதம் ஓயவில்லை.

“வரட்டும். நானே வெளியே போய் நிற்பேன்,” என்பான் தீமோன். “என் போதகர் சிலுவைக்குப் பயந்து ஒளியவில்லை. அவருக்குச் சாட்சியாகச் சாவதைவிட என்ன பேறு வேண்டும்?”

“சாவுக்கு என்ன அவசரம் தம்பி? அது வழி தெரியாமலா நிற்கிறது?” என்பார் அசரியா. “உயிர் கடவுள் கொடுத்துவைத்தது, நாமாகத் தூக்கி எறியக் கூடாது. என் ஆசான் வாயால் சொன்னதெல்லாம் என் நெஞ்சில் இருக்கிறது. இன்னொருவன் காதில் போடாமல் நான் போனால் அதுவும் என்னோடு போகும். ஓட முடிகிறவரை ஓடணும். ‘கடவுளை மறுதலி’ என்று கத்தியை வைத்தால், அப்போது கழுத்தைக் கொடுப்போம்.”

குகையின் பின்பக்கம், ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்தது. அசரியா மரத்தை அண்ணாந்து சொன்னார்: “தாயே, யாராவது வந்தால் ஒரு குரல் கொடு. நாங்கள் அந்த வழியாகப் போய்விடுவோம்.”

“கொடுக்கிறேன்,” என்றது பறவை.

பொழுது சாயும் நேரம், கீழே சருகு நொறுங்கியது. சிப்பாய்கள்! பறவை கழுத்தை நீட்டியது. குரல் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் மரத்தடிக்கு வந்த தலைவன் கிசுகிசுத்தான்: “மேலே ஏதாவது கத்தினால் கவணால் அடி. கூட்டோடு விழட்டும்.”

நெஞ்சுக்கடியில் முட்டைகள் சூடாக இருந்தன. இன்னும் ஓரடி வைக்கட்டும், கத்தலாம். இன்னும் ஓரடி. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிச் சிப்பாயும் குகைக்குள் நுழைந்துவிட்டான்.

இருவரையும் வெளியே இழுத்துவந்தார்கள். “உன் கடவுளை ஒரு வார்த்தை பழித்துவிட்டு வீட்டுக்குப் போ,” என்றான் தலைவன்.

சாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த தீமோன் கிழவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். ஓடச் சொன்ன கிழவர்தான் அவன் கையை இறுக்கிப் பிடித்தார்.

“ஓட வழி இருந்திருந்தால் ஓடியிருப்பேன், ஐயா. மறுதலிக்க எனக்கு வழியில்லை,” என்றார்.

“எனக்கும் இல்லை,” என்றான் தீமோன், அழுதுகொண்டே.

அசரியா தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார். சபிக்கப்போகிறார் என்று பறவை உடம்பைக் குறுக்கிக்கொண்டது.

“முட்டையெல்லாம் பத்திரமா, தாயே?” என்று கேட்டார்.

பறவை முட்டைகள் மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்துகொண்டது.

“இவர்களை எரிக்க விறகு வேணுமே,” என்றான் ஒரு சிப்பாய்.

“கண் இல்லையா உனக்கு? இதோ நிற்கிறதே மரம்,” என்றான் தலைவன்.

கோடாலி விழுந்தது. மரம் சாய்ந்து, நாலு முட்டையும் பாறையில் சிதறின. அப்போதுதான் பறவை கத்தியது. சிப்பாய்கள் போன பிறகும், நெருப்பு அவிந்த பிறகும், கேட்க ஆளில்லாத மலையில் கத்திக்கொண்டே இருந்தது. அழுது அழுது கண்ணோரம் சிவந்துபோயிற்று.

அன்று பிடித்ததுதான். ஆள்காட்டி மரத்தில் உட்காருவதில்லை. வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடுகிறது. கண்ணோரச் சிவப்பும் மாறவில்லை. தூரத்தில் ஒரு மனுஷன் வருவது தெரிந்தாலே கத்திக்கொண்டு எழும்புகிறது. காட்டிக்கொடுக்கிற சனியன் என்று வேட்டைக்குப் போகிறவன் வைகிறான். புதருக்குள் ஒளிந்திருக்கிற உயிரோ, அதைக் கேட்டுத்தான் எழுந்து ஓடுகிறது.