நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும்

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்கு ஏழடுக்கு மாளிகை கட்டும் ஆசை பிறந்தது. கஜானாவிலோ பணமில்லை. வரி ஏய்ப்பவர்கள் யார் என்று, எந்த அதிகாரிக்கும் கட்டுப்படாமல் தனியாக விசாரித்து வரும்படி விகடகவி அம்பலவனுக்கு உத்தரவிட்டான்.

மந்திரி உத்தமராயருக்கு வயிறு எரிந்தது. "அரசே, சபையில் எவர் பெயரையும் சொல்லி இவன் இழிவுபடுத்தலாகாது. பெயர் சொன்னால் நாக்கை அறுக்க வேண்டும். ஏய்ப்பவரைக் காட்டாவிட்டால் தலையை வாங்க வேண்டும்" என்றார். அரசனுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்!"

நாற்பது நாள் அம்பலவன் ஊர் ஊராக அலைந்தான். மந்திரியின் நஞ்சை முழுவதும் நிலக்கணக்கு ஓலையில் வரியில்லாத கோயில் நந்தவனம். கோயிலுக்குப் போனது தினம் ஒரு மாலை, நெல்லெல்லாம் மந்திரி வீட்டுக்கு. தளபதியின் தென்னந்தோப்புகள் ஓலையில் மேய்ச்சல் தரிசு. எல்லா ஓலையிலும் அரச முத்திரை இருந்தது.

ஓர் ஊரில் நெசவுக்காரி நல்லாயி சொன்னாள்: "தறிய வித்து மூணு வருசமாச்சு சாமி. தறி வரி மட்டும் இன்னும் கட்டிக்கிட்டுதான் இருக்கேன்."



குறித்த நாளில் நல்லாயியையும் அவளைப் போன்ற நூறு பேரையும் சபைக்கு அழைத்து வந்தான். அவர்கள் ஓரமாகக் கைகட்டி நின்றார்கள்.

"ஏய்ப்பவர்கள் எங்கே?" என்றார் மந்திரி.

"அரசே, வரி கட்டுகிறவர்கள் இந்தச் சபையில் நிற்கிறார்கள். நான் எவர் பெயரையும் சொல்லவில்லை" என்றான் அம்பலவன்.

ஆசனத்திலிருந்த தளபதி அவசரமாக எழுந்து நின்றார்.

அதைக் கண்டு அரசன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "நாக்கும் தப்பியது, தலையும் தப்பியது! பலே!"

"அரசே, நான் சொல்ல வந்தது..."

"அதுதான் சொல்லிவிட்டாயே! இந்தக் கெட்டிக்காரனுக்கு அந்தப் பெண்ணின் ஊரில் பத்து வேலி நிலம், வரியில்லாமல்! குறைகிற வரியை ஊரார் பங்கிட்டுக் கட்டட்டும்."

முதலில் கைதட்டியவர் உத்தமராயர்.

அரச தானத்தை மறுத்தால் ராஜத்துரோகம். அம்பலவன் இரு கையாலும் ஓலையை வாங்கிக்கொண்டான். வாசலில் நல்லாயி காத்திருந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"எங்களுக்கு இனி எம்புட்டுக் கூடும், சாமி?"

அம்பலவன் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். தொகை தெரிந்தது. கையிலிருந்த ஓலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.