ஒரு வரிக்கு நாலு கட்டம்

“டீச்சர், நான் போடுற சார்ட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கிறதில்லை.”

அமலதாஸ் வாசலில் நின்றபடியே சொன்னார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சுகிர்தா மாண்டலினுக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள்.

“உள்ள வாங்க சார்.”

அவளுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் அவர்தான் மாணவர்.

வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மனைவி லூர்துவோடு கோடைக்கானலுக்குக் குடிவந்தார். வந்த அடுத்த குளிர்காலத்தில் லூர்து இறந்துபோனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு இல்லை. சாப்பிடும்போது ரேடியோ வைத்துக்கொள்வார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது சர்ச் கூடத்திலிருந்து வாத்தியச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தார். பாஞ்சோ, பிடில், மாண்டலின், கிதார். வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். புளூகிராஸ் என்றார்கள். அமெரிக்காவில் மலைப்பக்கத்து ஜனங்களின் பாட்டாம்.

முடியும்வரை பையோடு வாசலிலேயே நின்றார்.

அடுத்த வாரம் கிதார் வாங்கிவிட்டார். வட்டத்தில் மாண்டலின் வாசித்த சுகிர்தாவிடம் கற்றுக்கொண்டு, சனிக்கிழமைகளில் தானும் வட்டத்தில் உட்கார ஆரம்பித்தார்.

விரல் மெதுவாகத்தான் பழகியது. ஆனால் சார்ட் போடுவது அவருக்குக் கைவந்த வேலை. பாட்டில் எந்த இடத்தில் எந்தக் கார்டை, அதாவது எந்தச் சுரக்கூட்டை, பிடிக்க வேண்டும் என்று காட்டுவதுதான் சார்ட். வட்டத்தில் எல்லோருடைய போனிலும் ஒரே ஆப் இருந்தது. அதில் ஒவ்வொரு பாட்டாக ஏற்றினார். வரிகள் நீலத்தில், கார்டுகள் சிவப்பில். விரல் எங்கே வைப்பது என்று குட்டிக் குட்டிப் படங்கள். மேலே தட்டவா கீழே தட்டவா என்று அம்புக்குறிகள்.

போனை அவளிடம் நீட்டினார். “தப்பு ஏதாவது இருக்கா டீச்சர்?”

“இல்லை.”

“பின்னே ஏன் யாரும் பார்க்கல?”

சுகிர்தா போனை வாங்கி எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்தாள். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இங்கேயிருந்து வாசிங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

“சரி. போயிட்டு வாங்க.”

வீட்டுக்கு வந்து எழுத்தைப் பெரிசாக்கினார். வரி உடைந்து கீழே விழுந்தது. ஒரு சொல்லின் தலைமேல் இருந்த ஜி கார்டு, போய் வேறொரு சொல்லின்மேல் உட்கார்ந்துகொண்டது.

“ஜி எங்கே போச்சு பாரு,” என்றார் சத்தமாக.

சொன்ன பிறகுதான் பதில் வராது என்பது நினைவுக்கு வந்தது.

பாட்டு வரிகளை எடுத்துவிட்டார். தாளத்துக்கு ஒரு கட்டம் போட்டார். ஒரு வரிக்கு நாலு கட்டம். கட்டத்துக்குள் பெரிசாக ஒரு ஜி, ஒரு சி, ஒரு டி. ஓரத்தில் விரல் படங்களும் அம்புகளும் மட்டும் இருந்தன. அவற்றை அழிக்க மனசு வரவில்லை.

மறுபடி சுகிர்தா வீட்டுக்குப் போனார். எதிர் நாற்காலியிலிருந்த போனை இங்கிருந்தே தெளிவாக வாசித்தார்.

“நல்லா இருக்கு சார். வாங்க, சேர்ந்து வாசிப்போம்.”

ஆரம்பித்தார்கள். அவர் கண் கட்டங்களின்மேல் நகர்ந்துகொண்டே போனது. விரல் படத்தைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், அடுத்த கட்டத்தைப் பார்த்தார். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. கடைசிக் கட்டத்தில் தட்டி நிறுத்திவிட்டு, சிரித்தபடி நிமிர்ந்தார்.

பக்கத்து நாற்காலியில் மாண்டலின் மட்டும் இருந்தது.

பின்பக்கம் போய்ப் பார்த்தார். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. சுகிர்தா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எப்போ எழுந்து போனீங்க?”

“ரெண்டாவது வரியில.”

“எனக்குத் தெரியவே இல்லையே.”

அவள் ஒரு துண்டை உதறி மடித்தாள்.

அன்று அவர் வீட்டுக்கு நடந்தே போனார். கிதார் தோளில் கனத்தது. இரண்டு பேர் வாசிப்பதாகத்தான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

மேஜையில் உட்கார்ந்து விரல் படங்களை அழித்தார். அம்புகளை அழித்தார். நிறத்தை எடுத்தார். பாட்டின் முதல் பாதி மேலே, இரண்டாம் பாதி கீழே. நடுவில் கொஞ்சம் இடம் காலியாக நின்றது.

அந்த இடம் அவரை உறுத்தியது. போன் செய்தார்.

“டீச்சர், நடுவுல என்ன போடலாம்?”

“ஒண்ணும் போடாதீங்க.”

“வெறிச்சோன்னு இருக்கு டீச்சர். பார்க்கவே முடியல.”



“பார்க்காதீங்க சார்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. கூடத்தில் வட்டம் கூடியது. பாஞ்சோக்காரர் அமலதாஸ் போட்ட சார்ட்டை முதல்முறையாகத் திறந்து தன் காலடியில் வைத்துக்கொண்டார். அமலதாஸ் அதைப் பார்த்தார்.

அந்த இசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மெட்டைத் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துத் துணைக்கு வாசிப்பார்கள். பாதி தாண்டியதும் அவர் யாரையாவது பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். அடுத்த முறை அந்தப் பார்வை விழுந்தவருடையது. வாயால் யாரும் அழைப்பதில்லை. அந்த ஆள் கவனிக்காவிட்டால் பார்வை அடுத்தவரிடம் போய்விடும்.

எதிரில் பர்னபாஸ் பிடிலில் மெட்டை வாசித்துக்கொண்டிருந்தார். பேக்கரி வைத்திருப்பவர். சட்டைக் கையில் மைதா மாவு ஒட்டியிருந்தது.

முதல் பாதி முடிந்தது. அமலதாஸின் கண் சார்ட்டின் நடுவிலிருந்த காலி இடத்துக்கு வந்தது. அங்கே பார்க்க எதுவும் இல்லை.

நிமிர்ந்தார்.

பர்னபாஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடில் தாடைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. புருவம் உயர்ந்திருந்தது.

அமலதாஸ் திரும்பிப் பின்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

“நானா?” என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

பர்னபாஸ் தலையாட்டினார்.

மெட்டு சுற்றி முடிந்தது. வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாகத் தணிந்தன. கூடத்தில் அவர் கிதார்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. தனக்குத் தெரிந்த அளவுக்கு மெட்டை வாசித்தார். நடுவில் விரல் தடுக்கியது. துணைக்கு வாசித்தவர்கள் அவருக்காகக் காத்து, சேர்த்து அழைத்துப் போனார்கள்.

பாட்டு முடிந்ததும் அமலதாஸ் கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு வட்டத்தைக் கடந்து போனார்.

“ரொம்ப தேங்க்ஸ் பர்னபாஸ். இன்னிக்கு எனக்கும் ஒரு முறை கொடுத்தீங்க.”

பர்னபாஸ் பிடிலைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னிக்கு மட்டுமா? நீங்க வந்த நாள்லேருந்து உங்களைத்தான் சார் முதல்ல பார்க்கிறேன்.”