எதைத் திறந்தாலும் நாச்சிமுத்து

மூங்கில்பாளையத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த ஊரில் மூன்று புத்திசாலிகள் ஒரே அறையில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில், ஷட்டர் போட்ட அறை. வாசலில் ‘மாலைமாற்று திருமணத் தகவல் நிலையம்’ என்று பலகை. பலகையில் ஒரு மணமகனும் ஒரு மணமகளும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிலையத்தின் சேவை எப்படி இருக்கும் என்பதைப் பலகை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது. ஊர் ஜனம்தான் கவனிக்கவில்லை.

முதலாளி சென்னியப்பன். அவர் மனைவியின் தம்பி மாரப்பன். கம்ப்யூட்டர் மாரப்பனின் பொறுப்பு. அதைக் கடையிலிருந்து தோளில் தூக்கி வந்தவன் அவன்தான் என்பதால், அந்தத் துறையில் அவனை விட அனுபவம் உள்ளவர் யாரும் அங்கே இல்லை.

மூன்றாவது ஆள் நாச்சிமுத்து. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊரில் யார் யாருக்கோ வரன் தேடிக் கொடுத்தவனுக்கு ஒரு பெண் அமையவில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு தனியாக வீட்டுக்கு நடக்கும்போது அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். அது நிஜமான அழுகை. அதை மட்டும் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. மற்றதெல்லாம் செய்யலாம்.

அதுவரை நிலையத்தின் வரன் குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் இருந்தன. ஒன்றில் பெயர் மேலே இருக்கும், இன்னொன்றில் பெயரே இருக்காது. இதைச் சரிசெய்ய ஈரோட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் யமுனாவை வரவழைத்தார் சென்னியப்பன். அந்தப் பெண் அழகாக ஒரு டெம்ப்ளேட் செய்து கொடுத்தாள். மேலே பிள்ளையார், ஓரத்தில் மாவிலை, பெயருக்கு ஒரு கட்டம், நட்சத்திரத்துக்கு ஒரு கட்டம், எதிர்பார்ப்புக்கு ஒரு கட்டம்.

“புதுசா ஆள் வந்தா இதைத் திறந்து கட்டத்துல விவரத்தை அடிங்க. அடிச்சு முடிச்சதும் வேற பேர்ல சேமிங்க. அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு யமுனா பஸ் ஏறினாள். எளிமையான வேலை என்று நினைத்துவிட்டாள், பாவம். ஆட்களை அவள் சரியாகப் பார்க்கவில்லை.

முதல் குறிப்பு யாருடையது என்பதில் தகராறு வரவில்லை. நாச்சிமுத்துதான் காத்துக் கிடந்தவன். மாரப்பன் ஒற்றை விரலால் அடித்தான். பெயர் நாச்சிமுத்து, நட்சத்திரம் சுவாதி, எதிர்பார்ப்பு குணமான பெண். எல்லாம் சரி. சேமிக்கும் இடத்தில்தான் சபை கூடியது.

“நாச்சிமுத்துன்னே சேமிச்சுரலாமா மாமா?”

“அதெப்படி மாரப்பா? ஆள் பேரும் நாச்சிமுத்து, சேமிக்கற பேரும் நாச்சிமுத்துன்னா அது அதே பேராச்சே. அம்மணி வேற பேர்லன்னு சொல்லிட்டுப் போயிருக்குது.”

“வேற பேருக்கு எங்கீங்க போறது?”

நாச்சிமுத்து திரையை உற்றுப் பார்த்தான். “இங்க ஒரு பேரு இருக்குதுங்கண்ணா. டெம்ப்ளேட்னு போட்டிருக்குது. என் பேருக்கும் அதுக்கும் ஒட்டு உறவே இல்லீங்க.”

மாரப்பன் அந்தப் பெயரைத் தட்டினான். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மூவருக்கும் மனசு நெகிழ்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் பெற்ற பிள்ளைகூட இப்படி உத்தரவு கேட்பதில்லை. “இவ்வளவு மரியாதையாக் கேக்குது, வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றார் சென்னியப்பன். மாரப்பன் ஆமாம் என்பதை அழுத்தினான்.

அன்றிலிருந்து எதைப் புதிதாகத் திறந்தாலும் நாச்சிமுத்து வந்து நின்றான்.

கட்டத்தில் இருப்பதை அழிக்கச் சொல்லி யமுனா சொல்லவில்லை. அடிக்கத்தான் சொன்னாள். அதனால் மாரப்பன் எதையும் அழிக்காமல் நாச்சிமுத்துவுக்குக் கீழே அடித்துக்கொண்டே போனான். கோபியிலிருந்து வந்த இன்ஜினியர் பையனின் குறிப்பில் முதலில் நாச்சிமுத்து, அப்புறம் இன்ஜினியர். பெண் வீட்டார் படித்துவிட்டு, துணை மாப்பிள்ளை எதற்கு என்று கேட்டார்கள். மழைக்கு அறை ஒழுகுகிறது என்று கட்டட உரிமையாளருக்கு ஒரு கடிதம் போனது. அது சுவாதி நட்சத்திரத்தில் தொடங்கி, குணமான பெண்ணைக் கேட்டு, கடைசியில் ஒழுகலுக்கு வந்தது. தனக்கு இரண்டும் பையன்கள்தான் என்று வருத்தத்தோடு பதில் எழுதினார் உரிமையாளர். ஒழுகல் அப்படியே இருந்தது.

இந்தக் குளறுபடியிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. காங்கேயத்திலிருந்து அத்தியப்பன் என்பவர் தன் மகள் கோகிலவாணிக்கு வரன் பதிய வந்தார். அரசுப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், வயது முப்பத்தைந்து. வந்த மாப்பிள்ளைகளெல்லாம் அவள் கை குலுக்கிய வலியோடு திரும்பிப் போயிருந்தார்கள். அவளுடைய குறிப்பை அச்செடுத்துக் கொடுத்தபோது, மேலே நாச்சிமுத்து இருந்தான், கீழே கோகிலவாணி இருந்தாள். அத்தியப்பன் வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்து அசந்துபோனார். பதிந்த அன்றைக்கே மாப்பிள்ளையையும் சேர்த்து அச்சடித்துக் கொடுக்கிற நிலையத்தை அவர் அதுவரை கண்டதில்லை.

போன் போட்டார். “ஏனுங்க, அந்த நாச்சிமுத்துவைப் பாக்க வியாழக்கிழமை நாலு மணிக்கு வர்றனுங்க. பொண்ணோட குறிப்பை மட்டும் தனியா ஒண்ணு எடுத்து வைங்க. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கறதுக்குங்க.”

நாச்சிமுத்துவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒரே தாளில் தன் பெயரும் அவள் பெயரும் மேலும் கீழுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கல்யாணப் பத்திரிகையே வந்துவிட்ட மாதிரி இருந்தது. சட்டையை இஸ்திரி போட்டான், மீசைக்கு மை வைத்தான். இதுவும் தட்டிப்போனால் இனி எனக்குக் கல்யாணம் கிடையாது என்று சென்னியப்பனிடம் சொன்னான்.

வியாழக்கிழமையும் வந்தது. கோகிலவாணியின் குறிப்பைத் தனியாக எடுக்க மாரப்பன் காலையிலிருந்து போராடினான். எத்தனை முறை திறந்தாலும் நாச்சிமுத்துதான் முன்னால் வந்தான். கடைசியில் மூன்றரை மணிக்கு யமுனாவுக்குப் போன் செய்தார்கள். அவள் வகுப்பில் இருந்தாள்.

“எதைத் திறந்தாலும் நாச்சிமுத்து வர்றாருங்க அம்மணி.”

“டெம்ப்ளேட் மேலயே சேமிச்சுட்டீங்களா? சரி, பயப்படாதீங்க சார். இருக்கிற அந்தப் பழைய நாச்சிமுத்துவுக்குப் பேரை மாத்தி விடுங்க. அப்புறம் எல்லாத்தையும் மூடிருங்க, ஒண்ணுகூடத் திறந்திருக்கக் கூடாது. மூடிட்டுத் திரும்பத் திறந்தீங்கன்னா புதுசு தானா வந்து நிக்கும்.” போனை வைத்துவிட்டாள்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பழைய நாச்சிமுத்துன்னா யாருங்க மாமா?” என்று கேட்டான் மாரப்பன்.

“இதென்ன கேள்வி? கம்ப்யூட்டர் போன மாசம் வாங்கினது. டெம்ப்ளேட் அதுக்கும் அப்புறம் வந்தது. இந்த அறையிலயே பழசுன்னா நம்ம நாச்சிதான்.”

நாச்சிமுத்து பதறினான். “பெத்தவங்க வெச்ச பேருங்கண்ணா.”

“உனக்குக் கல்யாணம் ஆகணுமா, பேரு வேணுமா?”

இப்படிக் கேட்டால் யார்தான் என்ன செய்வார்கள். நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்யாணம் என்றான். என்ன பெயர் வைப்பது என்று யோசித்தார்கள். அம்மணி பழசு பழசு என்றுதானே சொன்னாள் என்று மாரப்பன் நினைவுபடுத்தினான். ஆகவே நாச்சிமுத்துவின் பெயர் அந்த நிமிஷத்திலிருந்து பழசு. சென்னியப்பன் அவன் காதில் மூன்று முறை சொல்லி, வாயில் கொஞ்சம் சர்க்கரையும் போட்டார்.

பிறகு எல்லாவற்றையும் மூடினார்கள். அலமாரியை மூடினார்கள். தண்ணீர்க் குடத்தை மூடினார்கள். பேனாவுக்கு மூடி போட்டார்கள். சட்டையில் திறந்திருந்த மேல் பட்டனையும் போட்டுக்கொண்டார்கள். வெளியே போனால் புதுசு வருவதை யார் பார்ப்பது என்று கேள்வி எழுந்ததால், உள்ளே இருந்துகொண்டே ஷட்டரை இழுத்து மூடினார்கள். இருட்டில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாரப்பன் ஷட்டரைத் தூக்கினான்.

வாசலில் அத்தியப்பன் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க நாச்சிமுத்து, வாங்க” என்று கும்பிட்டார் சென்னியப்பன்.

“நான் நாச்சிமுத்துவைப் பாக்க வந்தவனுங்க.”

“வேற யாரும் வர்றதுக்கில்லீங்க. மூடித் திறந்தமுங்க, நீங்க வந்து நிக்கறீங்க. அப்ப நீங்கதானே?”

அத்தியப்பன் பெரிய மனிதர்களை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். “எங்க வீட்டுல என்னை அத்தியப்பன்னு கூப்பிடுவாங்களே” என்று மட்டும் சொன்னார்.

“அது பழைய பேரா இருக்கும்ங்க” என்றான் மாரப்பன். அவனுக்கு இப்போது இந்த விஷயத்தில் நல்ல தேர்ச்சி வந்திருந்தது.

அத்தியப்பனை உட்காரவைத்தார்கள். பேக்கரியிலிருந்து காபி வந்தது. அவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். நாச்சிமுத்துவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது மெல்ல விளங்கியது. குடும்பம் தெரியும், சொத்து தெரியும், ராத்திரி குறட்டை விடுவதுகூடத் தெரியும். யோசிக்க யோசிக்க அவர் முகம் சுருங்கியது.

“மன்னிச்சுக்குங்க. இந்த நாச்சிமுத்து என் பொண்ணுக்குச் சரிப்பட மாட்டார்” என்று டம்ளரைக் கீழே வைத்தார். “வயசு அறுபதாகப் போகுது. சர்க்கரை வியாதி வேற. எல்லாத்துக்கும் மேல, அந்தாளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சுங்க. இதையெல்லாம் மறைச்சு வரன் பேசலாமுங்களா?”

சென்னியப்பன் வெட்கப்பட்டுத் தலை குனிந்தார். மூலையில் நின்ற நாச்சிமுத்து, அதாவது பழசு, தன் இஸ்திரி போட்ட சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவனைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றவர்கள் உண்டு. பார்க்காமலே வேண்டாம் என்றவர் இவர்தான்.

“அண்ணா, இன்னொரு தடவை மூடித் திறந்து பாக்கலாமுங்களா? ஒருவேளை இதைவிடப் புதுசு வந்தாலும் வருமுங்க” என்று கெஞ்சினான்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. குடத்தை மறுபடி மூடினார்கள், பேனாவையும். அத்தியப்பனும் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து மூடிவைத்தார். ஷட்டர் இறங்கியது. இந்த முறை நன்றாக மூட வேண்டும் என்று மாரப்பன் முழுப் பலத்தோடு இழுத்ததில், அது அடியில் போய் மாட்டிக்கொண்டது. நான்கு பேரும் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. தானாக வரும் என்று யமுனா சொன்னதை நம்பி அவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

வெளியே பேக்கரி வாசலில் கோகிலவாணி நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போன அப்பாவைக் காணோம். போன கடையும் மூடிக் கிடந்தது. அவள் வந்து ஷட்டரைத் தட்டினாள். உள்ளேயிருந்து யாரோ பயபக்தியோடு செருமும் சத்தம் கேட்டது. குனிந்து, ஒரு கையை அடியில் கொடுத்து, ஒரே தூக்கில் ஷட்டரை மேலே ஏற்றினாள்.

உள்ளே நால்வரும் வரிசையாகக் கும்பிட்டபடி நின்றிருந்தார்கள்.

“வாங்க நாச்சிமுத்து” என்றார் சென்னியப்பன்.

அத்தியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். முகம் மலர்ந்தது. “இவரைப் பிடிச்சிருக்குங்க. வயசு பொருத்தம். வியாதி கிடையாது. அரசாங்க உத்தியோகம். கல்யாணமும் ஆகலை. எனக்கு ரொம்பத் தெரிஞ்ச குடும்பம்.”

“அப்பா, என்னப்பா இது? இதுல மாப்பிள்ளை யாரு?” என்றாள் கோகிலவாணி.

நாச்சிமுத்து ஓரடி முன்னால் வந்தான். இத்தனை பக்கத்தில் ஒரு பெண் நின்று பேசியது அவனுக்கு இதுதான் முதல் தடவை. ஆனாலும் அவன் நேர்மையான ஆள். “நீங்கதானுங்க” என்றான்.

“அப்ப நீங்க யாரு?”

“நான் பழசுங்க.”

கோகிலவாணி மறுபடி கேட்பதற்குள் அத்தியப்பன் அவசரப்பட்டார். நல்ல நேரம் முடிவதற்குள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கவைத்துவிட வேண்டும் என்பது அவர் கவலை. “பழசு தம்பி, என் பொண்ணு பேக்கரிகிட்ட நிக்கிறா. மாப்பிள்ளை வந்துட்டார்னு சொல்லிக் கையோட கூட்டிட்டு வந்துருங்க.”

நாச்சிமுத்து தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினான். மேஜை மேஜையாகப் பார்த்தான், அடுப்புப் பக்கமும் எட்டிப் பார்த்தான். ஒரு பெண்ணையும் காணவில்லை. தொங்கிய முகத்தோடு திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துத் துடைத்து, கோகிலவாணியின் முன்னால் போட்டான்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்க நாச்சிமுத்து” என்று அவளை ஆறுதலாகப் பார்த்துச் சொன்னான். “பொண்ணு இன்னும் வரலீங்க.”