கணவாயில் நின்ற கால்

நெடுங்காலத்துக்கு முன் ஒரு நாட்டில் பொன்னாலான வீரக்கழல் ஒன்று இருந்தது. மன்னரின் பாட்டனார் செய்வித்தது. படை முழுவதும் சிதறி ஓடிய ஒரு போரில், ஆற்றுத்துறையில் தனியாக நின்று பகைவரைத் தடுத்த வீரனுக்கு அதை அணிவித்தார். ‘பின்வைக்காத காலுக்கே உரியது’ என்று அதில் பொறிக்கவும் செய்தார். அவன் மறைந்தபின் கழல் கோயிலில் வைக்கப்பட்டது. போருக்குப் போகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள்.

எல்லைக் கணவாயில் நடந்த போர் முடிந்ததும் சேனாதிபதி பூழிநாடர் அந்தக் கழலைத் தம் மருமகன் கண்டனுக்குக் கேட்டார். மன்னரும் இசைந்தார்.

“பகைவர்கள் கண்டனாரின் முதுகை நன்றாக அறிவார்கள். முகத்தைத்தான் பார்த்ததில்லை” என்றான் விதூஷகன் நக்கன்.

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. அந்தக் கணவாய்ப் போரில் அவரும் பின்வாங்கியவர்.

சேனாதிபதி அதைக் கவனித்துக்கொண்டார். “அரசே, நக்கன் கையாலேயே கழலைப் பூட்டட்டும். மறுத்தால் தலையை எடுக்க உத்தரவிடுங்கள்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் மன்னர்.

மறுநாள் வாளேந்திய காவலன் நக்கனின் முதுகுக்குப் பின்னால் நின்றான். நக்கன் கையில் கழல் இருந்தது.

“கண்டனாரே, முதலில் அரசரை வணங்கிவிட்டு வாரும்” என்றான் நக்கன்.

கண்டன் முன்னே சென்று வணங்கினான். அரசருக்கு முதுகு காட்டுவது சபை வழக்கமில்லை. ஆகவே பின்னோக்கியே நடந்து தன் இடத்துக்கு வந்தான்.

நக்கன் குனிந்தான், பூட்டாமல் நிமிர்ந்தான். “அரசே, தங்கள் பாட்டனாரின் சொல் குறுக்கே நிற்கிறது. இந்தக் கால் இப்போது எல்லோரும் பார்க்கப் பின்வைத்துவிட்டது.”

“அது மரியாதைக்காக” என்று சீறினார் சேனாதிபதி.

“எதற்காக என்று கழலில் எழுதவில்லையே.”

மன்னரின் குரல் தாழ்ந்தது. “நக்கா, என் கால்?”

காவலன் வாளை இறுகப் பற்றினான்.

“தங்கள் காலும்தான், அரசே. தாங்கள் திரும்பி வந்ததால் நாடு பிழைத்தது. தாங்கள் திரும்பும்வரை கணவாயை அடைத்து நின்றவன் ஆதன் என்ற வேல்வீரன். அவன் வரவில்லை.”

மன்னர் குனிந்து தம் காலைப் பார்த்தார். பிறகு சேனாதிபதியின் முகத்தைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். “ஒரே வணக்கத்தில் உம் மருமகனை வீழ்த்திவிட்டானே” என்று தம் முத்துமாலையைக் கழற்றி நக்கனுக்கு அணிவித்தார்.

சில நாட்களில் கணவாயில் ஆதனுக்கு நடுகல் எழுந்தது. மன்னர் மண்டியிட்டு, செதுக்கிய காலருகே கழலை வைத்தார். ஆதனின் மனைவி உமையாள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலைப் பெரிசா செதுக்கிட்டாங்க, ஐயா” என்றாள் நக்கனிடம். “அவருக்குச் சின்னக் காலு.”