அறவாழியின் முப்பத்தெட்டுத் தொட்டிகள்

அறவாழி முப்பத்தெட்டாவது தொட்டியைத் தியானக் கூடத்துக்குள் தூக்கி வந்தார். வயது அறுபத்திரண்டு. மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆளில்லை அவர்.

மனைவி செண்பகவல்லிக்கு மடத்துக்கு வந்த நாளிலிருந்து இளைப்பு. கூடத்தில் உட்கார்ந்தாலே நெஞ்சு விசிலடிக்கும். வெள்ளிக்கிழமைக்குள் குறையாவிட்டால் ஊருக்கே கூட்டிப்போய்விடுவதாக அவள் தம்பி சொல்லிவிட்டான். அவள் இல்லாமல் அறவாழிக்குப் பொழுதே விடியாது.

செடி வைத்தால் அறைக்குள் காற்று சுத்தமாகும் என்று யாரோ சொன்னார்கள். அன்றே ஆரம்பித்துவிட்டார். மணிப்பிளாண்ட், பாம்புக் கற்றாழை, சோற்றுக் கற்றாழை. தியானம் செய்ய வந்தவர்கள் தொட்டிகளுக்கு நடுவே இடம் தேடினார்கள்.

அவரைவிடப் பதினைந்து வயது இளையவரான குரு தவமணி அம்மாள் வாசலில் நின்று பார்த்தார். அறவாழி கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார்.

“இன்னும் எத்தனை செடி வெச்சா இவளுக்கு மூச்சு சீராகும்மா?”

“சாம்பிராணி போட்டாச்சா?”

அறவாழியின் முகம் மலர்ந்தது. மடத்தில் அவருக்கென்று கிடைத்த பணி அது ஒன்றுதான்.

“பதினோரு மாசமா ஒரு வேளை தவறலம்மா. காலையில, சாயங்காலம் ரெண்டு வேளையும் என் கையாலதான். புகை வீணாப் போயிடக் கூடாதேன்னு சன்னலையெல்லாம் சாத்திட்டுத்தான் போடுவேன்.”

குரு உள்ளே போய் இரண்டு வெள்ளைத் துணிகளை நனைத்து எடுத்து வந்தார்.

“ஒண்ணால வெளியில இருக்கிற செடியைத் துடைங்க. இன்னொண்ணால இதை.”

அறவாழி துடைத்தார். வெளிச்செடியின் துணியில் கொஞ்சம் செம்மண் தூசி. கூடத்துச் செடியின் துணி, அடுப்பிலிருந்து சட்டி இறக்கிய பிடிதுணிபோல் கறுத்திருந்தது.

“கடைசியா எப்பத் துடைச்சீங்க?”

“இன்னிக்குக் காலையிலதான். தினமும் இப்படித்தாம்மா கறுக்கும். செடி நல்லா வேலை செய்யுதுன்னுல்ல நான் சந்தோஷப்பட்டேன்!”

மூலையில் செண்பகவல்லி இருமினாள். அறவாழி துணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னும் பத்துத் தொட்டி வாங்கிடறேம்மா. எப்பாடுபட்டாவது இவளைச் சரி பண்ணிடறேன்.”

குரு கறுத்த துணியை மடித்து அவர் கையில் வைத்தார்.

“இலையைத் துடைச்சிட்டீங்க. அவங்க நெஞ்சை எந்தத் துணியால துடைப்பீங்க?”